புதர்க்காட்டுக்குத் தீ வைத்தால் எலிகளுக்கு என்ன ஆகும்?

திட்டமிட்டு எரித்த ஒரு புதர்க்காட்டுக்குள் மறுநாள் காலையில் நடந்தால், கண்ணுக்கு முதலில் தெரிவது கறுப்பு மட்டும்தான். காலடியில் சாம்பல் பொசுக்கென்று அமுங்கும். இலையெல்லாம் போய், கரிக்குச்சிகள் விறைத்து நிற்கும். இனி இங்கே எந்த உயிர் இருக்கப்போகிறது என்று மனசு கனத்துப்போகும். கொஞ்சம் குனிந்து அந்தச் சாம்பலையே உற்றுப் பாருங்கள். மாவு சிந்திய தரையில் பதிந்த மாதிரி சின்னச் சின்னக் காலடித் தடங்கள் தெரியும். ஒரு துளையிலிருந்து கிளம்பி, கரிந்த தூரை ஒரு சுற்றுச் சுற்றி, இன்னொரு துளைக்குள் போய் மறைகின்றன. இரவில் ஒரு சுண்டெலி வெளியே வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

அந்த எலி நேற்றைய தீயில் எப்படிப் பிழைத்தது? இன்னும் ஒரு மாதம் அது உயிரோடு இருக்குமா? ஐந்து வருடம் கழித்து இந்த இடத்தில் யார் குடியிருப்பார்கள்? இவை மூன்றும் வேறு வேறு கேள்விகள். விடைகளும் வேறு வேறு. தீயும் சிறு பாலூட்டிகளும் என்று பேச்சு வந்தால் எழும் குழப்பத்தில் பெரும்பகுதி, இந்த மூன்றையும் ஒரே கேள்வியாகக் கேட்பதால் வருவது.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். சிறு பாலூட்டிகள் என்றால் எலி, சுண்டெலி, மூஞ்சூறு, சின்ன முயல், ஆஸ்திரேலியாவில் எலி அளவே உள்ள, கங்காருவின் தூரத்து உறவான பைப்பாலூட்டிகள் ஆகியவை. சில கிராமிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ வரை எடை இருக்கும். புதர்நிலம் என்றால் மரங்கள் அதிகமில்லாமல், அடியிலிருந்தே கிளை பிரியும் கட்டைச் செடிகள் நெருக்கமாக வளர்ந்த நிலம். கலிஃபோர்னியாவின் சாப்பரல், தென்னாப்பிரிக்காவின் ஃபைன்போஸ், ஆஸ்திரேலியக் கரையோர ஹீத், ஃபுளோரிடாவின் ஸ்க்ரப், அமெரிக்க மேற்கின் சேஜ்பிரஷ் எல்லாம் இந்த வகைதான்.

திட்டமிட்ட தீ என்பது தானாகப் பரவும் காட்டுத்தீ இல்லை. காற்றின் வேகம், காற்றிலுள்ள ஈரம், சருகிலும் சுள்ளியிலும் உள்ள ஈரம் எல்லாவற்றையும் அளந்து, சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு வெட்டி, பயிற்சி பெற்றவர்கள் வைக்கும் தீ. டீசலும் பெட்ரோலும் கலந்து ஊற்றிய டிரிப் டார்ச் என்ற கருவியால் சொட்டுச் சொட்டாக நெருப்பை இறக்கிக்கொண்டே நடப்பார்கள். நோக்கம் பல விதம். குடியிருப்புகளுக்கு அருகே எரியக்கூடிய பொருளைக் குறைப்பது, தீ பட்டால்தான் முளைக்கும் செடிகளுக்கு வாய்ப்புக் கொடுப்பது, திறந்த வெளியை விரும்பும் ஏதோவொரு விலங்குக்கு இடம் செய்வது என்று.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உயர்ந்த மரங்கள் உள்ள காட்டில் தீயைத் தரையோடு தவழ விடலாம். சருகு எரியும், மரத்தின் தலை தப்பிக்கும். புதர்நிலத்தில் அது கடினம். தரையிலிருந்து உச்சி வரை இலையும் குச்சியும் தொடர்ச்சியாக இருப்பதால், பற்றினால் பெரும்பாலும் முழுச் செடியும் எரிகிறது. அதனால் எலியின் பார்வையில் புதர்த்தீ என்பது வீட்டின் கூரை மொத்தமாகப் போய்விடும் நிகழ்ச்சி.

தீ எரியும் அந்தச் சில நிமிடங்கள்

தீயின் முகப்பில் சூடு பல நூறு டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே ஓர் எலி உயிரோடு இருக்க முடியும் என்பதை நம்புவது கஷ்டம். ஆனால் மண் வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். அதன் துகள்களுக்கு இடையே காற்று அடைபட்டிருக்கிறது. ஈரம் இருந்தால், அந்த நீர் ஆவியாகித் தீரும் வரை மண்ணின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சூடான காற்று மேலே போவதால் தீயின் வெப்பத்தில் பெரும்பங்கு வானத்துக்குத்தான் போகிறது. வேகமாகக் கடந்து போகும் புதர்த்தீக்குக் கீழே பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் வளையில் கிடக்கும் எலிக்கு மேலே நடப்பது அவ்வளவாகத் தெரியாது.

காய்ந்த காற்றில் 60 டிகிரி அளவுக்குச் சூடு ஏறினால் எலிகள் சில நிமிடங்களில் இறந்துவிடும். காற்றில் ஈரம் கூடினால் அதைவிடக் குறைந்த சூடே போதும். உடலின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அவை தம்மைக் குளிர்விக்கின்றன, சுற்றிலும் நீராவி நிறைந்திருந்தால் அந்த வழி அடைபட்டுப்போகிறது. அதனால் வளை எவ்வளவு ஆழம் என்பதோடு எத்தனை வாசல் என்பதும் முக்கியம். இரண்டு மூன்று வாசல் உள்ள வளையில் காற்று நகரும், புகை வெளியேறும். ஒற்றை வாசல் வளையில் சூட்டைவிட மூச்சுத் திணறலே பெரிய ஆபத்து.

இன்னொன்று, தீ எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது. உயரமாக எழுந்து ஓடிவிடும் சுவாலையைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். வளையின் வாசலில் விழுந்து கிடக்கும் கட்டை இரவு முழுக்கப் புகைந்துகொண்டிருந்தால் மண்ணுக்குள் இறங்கும் சூடு அதைவிட அதிகம்.

சரி, மண்ணுக்குள் போக முடியாதவை? கலிஃபோர்னிய சாப்பரலில் வுட்ராட் என்ற எலி இருக்கிறது. சுள்ளிகளையும் பட்டைகளையும் இலைகளையும் தேடிச் சேர்த்து ஒரு மீட்டருக்கும் மேல் உயரமாக வீடு கட்டும். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டைப் புதுப்பித்துப் பயன்படுத்தும். உள்ளே தூங்க ஓர் அறை, உணவு சேர்க்க ஓர் அறை என்று பிரித்தும் வைத்திருக்கும். இவ்வளவு அழகான வீடு, தீயின் கணக்கில் பார்த்தால் காய்ந்த விறகுக் குவியல். சாப்பரல் எரியும்போது நேரடியாகச் சாகும் சிறு பாலூட்டிகளில் வுட்ராட்டுக்கே முதலிடம். பாறை இடுக்கில் வீடு கட்டியவை மட்டும் ஓரளவு தப்பிக்கும்.

அப்புறம் குட்டிகள். கூட்டில் கண் திறக்காமல் கிடப்பவற்றால் எங்கும் ஓட முடியாது. இந்த இடத்தில்தான் பருவம் முக்கியமாகிறது. இயற்கையில் சாப்பரல் எரிவது பெரும்பாலும் கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும். கட்டுப்படுத்த எளிது என்பதால் திட்டமிட்ட தீயை ஈரம் உள்ள வசந்தத்தில் வைக்க விரும்புவார்கள். தீயின் வேகம் குறையும் என்பது உண்மை. ஆனால் குட்டிகள் கூட்டில் இருக்கும் காலமும் அதுவே. ஈரத்தில் ஊறிப் போயிருக்கும் விதைகள், உலர்ந்த விதைகள் தாங்கும் சூட்டைத் தாங்குவதும் இல்லை. சாந்தமான தீ என்று நாம் நினைப்பது எல்லோருக்கும் சாந்தமாக இருப்பதில்லை.

இந்தப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஃபுளோரிடாவில் இருக்கிறது. அந்த மாநிலத்துக்கு வெளியே எங்குமே இல்லாத ஃபுளோரிடா சுண்டெலி, கோஃபர் ஆமை தோண்டிய வளைக்குள் குடியிருக்கிறது. பல மீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கத்தின் பக்கவாட்டில் தனக்கென்று சின்னக் கிளை வளைகளைத் தோண்டிக்கொள்ளும். பாம்பு, தவளை, பூச்சி என்று 350-க்கும் மேற்பட்ட இனங்கள் ஆமை வளைகளைப் பயன்படுத்துகின்றன. தீ வரும்போது அது எல்லோருக்குமான பதுங்குகுழி. தீ வராமலே போனால்? புதர் மூடிக்கொள்ளும், தரையில் வெயில் விழாது, ஆமை மேயும் புல்லும் பூண்டும் குறையும், ஆமை இடம் மாறிப் போகும். புதிய வளை தோண்ட ஆளில்லாமல் சுண்டெலியும் வீடிழக்கும்.

அதற்குப் பிறகு வரும் வாரங்கள்

தீயில் தப்பியது பெரிய விஷயம் என்று நினைக்கிறோம். உண்மையான சோதனை அன்று இரவுதான் தொடங்குகிறது. பெரும்பாலான சிறு பாலூட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது தீ நின்ற பிறகு வரும் நாட்களே. மறைவு இல்லை, உணவு குறைவு, தப்பித்தவர்கள் எல்லோரும் மிச்சமிருக்கும் நாலு புதருக்குள் நெருக்கியடிக்கிறார்கள்.

ஓர் எலிக்கு மறைவு என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய விவாதம் உதவும். தெற்குக் கலிஃபோர்னியாவில் வாசனைப் புதர்களைச் சுற்றி ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்குப் புல்லே முளைக்காத வெற்று வளையம் இருக்கும். புதர் வெளியிடும் ஏதோ ரசாயனம்தான் மற்ற செடிகளைத் தடுக்கிறது என்று 1960-களில் ஒரு விளக்கம் பிரபலமாக இருந்தது. 1970-இல் புரூஸ் பார்த்தலோமியூ என்ற ஆய்வாளர் அந்த வெற்று வளையத்துக்குள் கம்பி வலைக் கூண்டுகளை வைத்துப் பார்த்தார். எலியும் முயலும் நுழைய முடியாத கூண்டுகளுக்குள் புல் முளைத்து வளர்ந்தது. அவை புதரை விட்டு அதிகம் விலகத் துணியாமல், ஓரத்திலேயே நின்று மேய்வதால் அந்த வளையம் உண்டாகிறது. பயத்தின் அளவு தரையில் வரைந்து காட்டப்பட்டிருக்கிறது. இப்போது நூறு மீட்டர் தூரத்துக்குப் புதரே இல்லாத ஒரு கரிவெளியில் அதே எலியை நிறுத்திப் பாருங்கள்.

ஆந்தை, பருந்து, நரி, பாம்பு எல்லாம் இதை அறிந்தே வருகின்றன. தீ எரியும்போதே பருந்துகள் ஓரத்தில் வட்டமிடும். ஆஸ்திரேலியாவில் இதற்கு மேல் இன்னொரு தொல்லை, மனிதர்கள் கொண்டுவந்த பூனைகள். வடமேற்கே கிம்பர்லி பகுதியில் காட்டுப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பின்தொடர்ந்தபோது, சில பூனைகள் தங்கள் எல்லையை விட்டு 12.5 கிலோமீட்டர் வரை பயணம் செய்து, புதிதாகக் கடுமையாக எரிந்த இடங்களுக்கு வேட்டைக்குப் போனது தெரிந்தது. அது புதர்நிலம் இல்லை, புல்லும் மரமும் கலந்த சவானா. ஆனாலும் பாடம் ஒன்றுதான். எரிந்த தழும்பு ஒரு விருந்து மேசை. சுற்று வட்டாரத்திலிருந்து விருந்தாளிகள் வருவார்கள்.

உணவுக் கதை இவ்வளவு ஒரே பக்கமாக இல்லை. தரையின் மேலே கிடந்த விதைகள் எரிந்துபோகும். மண்ணுக்குள் புதைந்தவை பெரும்பாலும் தப்பிக்கும், அதோடு மேலிருந்த சருகு மெத்தை போய்விட்டதால் தேடுவதும் சுலபமாகும். விதை தின்னிகளுக்கு முதல் சில வாரங்கள் அவ்வளவு மோசமாக இருக்க வேண்டியதில்லை. பச்சை இலை தின்பவை, சருகுக்கடியில் பூச்சி தேடும் மூஞ்சூறு போன்றவைதான் முதலில் தவிக்கும். மழை வந்து துளிர் வந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். சாம்பலிலிருந்து ஊட்டச்சத்து மண்ணில் இறங்குகிறது, வெளிச்சம் தாராளமாக விழுகிறது, முதல் வசந்தத்தில் பூண்டுகள் கூட்டம் கூட்டமாகப் பூக்கும். அதன் விதை எல்லாம் எலிக்குத்தான்.

இந்த இடைவெளியை ஆன்டிகைனஸ் என்ற சின்ன ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டி கடக்கும் விதம் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பார்க்க மூஞ்சூறு போல இருக்கும். பூச்சி தின்னும். திட்டமிட்ட தீக்குப் பிறகு இதன் உடல் வெப்பத்தை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அது வழக்கத்தைவிட அதிக நேரம் உடலை ஒடுக்கிக்கொள்வதைக் கண்டார்கள். டார்ப்பர் என்று இதற்குப் பெயர். உடல் சூட்டையும் மூச்சையும் இதயத் துடிப்பையும் குறைத்துக்கொண்டு, சில மணி நேரம் அணைத்து வைத்த விளக்கு மாதிரி கிடக்கும். இப்படிக் கிடந்தால் தேவைப்படும் உணவு குறையும். பகலில் வெளியே நடமாட வேண்டியதும் இல்லை. ஆந்தைக்கும் பூனைக்கும் கண்ணில் படாமல், புதர் துளிர்க்கும் வரை நாளைத் தள்ளுகிறது. புகையும் தரையிலுள்ள கரியும் சாம்பலுமே இந்த ஒடுக்கத்தைத் தூண்டுகின்றன என்பதற்கும் சோதனைக்கூடத்தில் சான்று கிடைத்திருக்கிறது.

ஐந்து வருடம், பத்து வருடம்

இனி மூன்றாவது கேள்வி. தீ ஒரு இடத்தை அழிப்பதில்லை, அந்த இடத்தின் வயதைத் திருப்பி வைக்கிறது. வயது மாறினால் குடியிருப்பவர்களும் மாறுகிறார்கள்.

சாப்பரலிலும் அதை ஒட்டிய சேஜ் புதர்களிலும் தீக்குப் பிறகு முதலில் பெருகுபவை டியர் மவுஸ் என்ற சுண்டெலியும் கங்காரு எலிகளும். கங்காரு எலியின் உடல் அமைப்பே திறந்த வெளிக்கானது. நீண்ட பின்கால்களால் தாவித் தாவி ஓடும், நடுவழியில் திசை மாற்றும். காதுக்குள் இருக்கும் பெரிய எலும்பு அறை ஆந்தையின் சிறகடிப்பு போன்ற தாழ்ந்த ஒலிகளையும் பிடித்துவிடும். அடர்ந்த புதருக்குள் அந்தக் கால்களால் ஒரு பிரயோசனமும் இல்லை. வளை மண்ணுக்கு அடியில், சேர்த்த விதைகளும் மண்ணுக்கு அடியில். தீ அதற்கு வீட்டு முற்றத்தைப் பெருக்கிக் கொடுத்த மாதிரி. இதற்கு நேர்மாறாக வுட்ராட்டும், அடர்ந்த மறைவை நாடும் கலிஃபோர்னியா சுண்டெலியும் புதர்கள் மறுபடி உயரும் வரை காத்திருக்க வேண்டும். அது வருடக் கணக்கில் ஆகும்.

இப்படி ஒருவர் பின் ஒருவராக வருவதைத் தெளிவாக எழுதிக்காட்டியவர் பேரி ஃபாக்ஸ். நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் மயால் லேக்ஸ் பகுதி ஹீத்தில் அவர் செய்த ஆய்வு 1982-இல் வெளிவந்தது. எரிந்த பின் முதலில் வீட்டுச் சுண்டெலி, அதோடு நியூ ஹாலந்து சுண்டெலி. ஹீத் அடர்த்தியாக ஆக, இவை குறைந்து ஈரப்பாங்கான அடர்புதரை விரும்பும் சதுப்பு எலி கூடுகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் தனக்குப் பிடித்த அடர்த்தி ஒன்று இருக்கிறது. செடிகள் வளர்ந்து அந்த அடர்த்தியைத் தொடும்போது அந்த இனம் உள்ளே வருகிறது, அதைத் தாண்டும்போது வெளியே போகிறது. அதாவது எலி நாட்காட்டியைப் பார்ப்பதில்லை, புதரைத்தான் பார்க்கிறது. மழை நன்றாகப் பெய்து புதர் சீக்கிரம் வளர்ந்தால் இந்த வரிசையும் சீக்கிரம் நகரும், வறட்சி வந்தால் இழுத்துக்கொண்டே போகும்.

புதரோடு போட்டியும் சேர்ந்துகொள்கிறது. பின்னாளில் ஈர ஹீத்தில் சதுப்பு எலிகளைப் பிடித்து அப்புறப்படுத்திப் பார்த்தபோது, அதுவரை ஒதுங்கியிருந்த சின்ன எலி இனம் ஒன்று அங்கே பெருகியது. செடி அடர்த்தி அதற்கு அவ்வளவு ஆகாததாக இல்லை, பெரிய பங்காளிதான் விரட்டிவிட்டிருக்கிறார்.

நியூ ஹாலந்து சுண்டெலி பற்றி ஒரு தகவல் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் விவரித்துப் பெயர் வைக்கப்பட்ட இந்த எலி, அழிந்துபோயிற்று என்றே நினைக்கப்பட்டு, 1967-இல் சிட்னிக்கு வடக்கே குரிங்காய் சேஸ் தேசியப் பூங்காவில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. இளம் ஹீத்தில் பெருகும் இந்த இனத்தைக் காக்கத் திட்டமிட்ட தீயும் ஒரு கருவி.

அதே ஆஸ்திரேலியாவின் இன்னொரு மூலையில் கதை தலைகீழ். மேற்கு ஆஸ்திரேலியாவின் டூ பீப்பிள்ஸ் பே காப்பகத்தில் கில்பர்ட் போட்டரூ வாழ்கிறது. ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள, மண்ணுக்கடியில் விளையும் பூஞ்சைகளைத் தோண்டித் தின்னும் பைப்பாலூட்டி. இதையும் நூறு வருடத்துக்கு மேலாக யாரும் பார்க்கவில்லை, 1994-இல்தான் மறுபடி கண்டார்கள். இதற்கு வேண்டியது பல பத்தாண்டுகளாகத் தீ படாத அடர்ந்த ஹீத். 2015 நவம்பரில் வந்த காட்டுத்தீ அங்கே அதன் வாழிடத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எரித்துவிட்டது. பால்டு தீவு போன்ற வேறு இடங்களில் ஏற்கெனவே கொஞ்சத்தைக் கொண்டுபோய் விட்டிருந்தது அந்த இனத்துக்குப் பெரிய காப்பாக இருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னதாக எரித்து வைத்தால் பெரிய தீ உள்ளே வராமல் தடுக்கலாம் என்பது ஒரு யோசனை. ஆனால் அந்தச் சின்னத் தீயே கைமீறினால் என்ன ஆகும் என்ற பயமும் நியாயமானதே.

பூந்தேன் மட்டும் குடிப்பவர்களுக்கு வேறு கவலை. பத்து கிராம் அளவே உள்ள ஹனி பாசம், தென்மேற்கு ஆஸ்திரேலியாவில் பூக்களின் தேனையும் மகரந்தத்தையுமே நம்பி வாழும் பைப்பாலூட்டி. பான்க்சியா போன்ற புதர்கள் எரிந்தால் விதையிலிருந்து முளைத்துப் பூக்கப் பல வருடம் வேண்டும். பூ இல்லாத புதர் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் ஹனி பாசத்துக்குப் பட்டினிதான்.

வட அமெரிக்காவின் பிக்மி முயல் இன்னும் கடினமான இடத்தில் நிற்கிறது. அரை கிலோ எடை. தானே வளை தோண்டும் பழக்கம் உள்ளதால் தீயின் சூட்டிலிருந்து தப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் அதன் உணவில் 99 சதவீதம் வரை சேஜ்பிரஷ் இலைதான். அந்தப் பெரிய சேஜ்பிரஷ் புதர் எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்காது, செத்தே போகும். விதையிலிருந்து முளைத்து மறுபடி புதராகப் பல பத்தாண்டுகள் ஆகும். உயிர் பிழைத்த முயலுக்குச் சாப்பாடு இல்லை, மறைவும் இல்லை. சாப்பரல் எலிகளுக்குப் பொருந்திய கணக்கை இங்கே கொண்டுவந்து வைத்தால் அது பெரிய தவறாகிவிடும்.

எப்படி எண்ணுகிறார்கள்?

தீக்குப் பின் எலிகள் கூடின, குறைந்தன என்று படிக்கும்போது அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. அலுமினியத் தகட்டால் செய்த மடக்குப் பெட்டிப் பொறிகளை மாலையில் வரிசையாக வைப்பார்கள். ஓட்ஸும் நிலக்கடலை வெண்ணெயும் இரை. குளிரில் சாகாமல் இருக்கப் பஞ்சும் போடுவார்கள். விடியற்காலையில் பிடிபட்டவற்றுக்கு அடையாளமிட்டு விட்டுவிடுவார்கள். முதல் முறை 40 எலிக்கு அடையாளமிட்டு, அடுத்த முறை பிடித்த 30-இல் 10 எலிக்கு அடையாளம் இருந்தால், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு அடையாளம் இருக்கிறது என்று கொண்டு, 120 எலி இருக்கலாம் என்று கணக்கிடலாம்.

எரிந்த நிலத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றும். தின்ன எதுவும் இல்லாத எலி இரையின் வாசனைக்கு ஓடோடி வரும். எரியாத இடத்து எலி அலட்சியமாகக் கடந்து போகும். பொறியில் விழுந்த தலைகளை மட்டும் எண்ணினால், உண்மையில் எண்ணிக்கை குறைந்த இடத்திலும் கூடிய மாதிரி தெரியலாம். அதனால் எரிப்பதற்கு முன்பே எண்ணத் தொடங்கி, எரிக்காத பக்கத்து நிலத்திலும் அதே இரவுகளில் பொறி வைத்து, பல வருடம் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகளையே நான் அதிகம் நம்புகிறேன்.

எவ்வளவு இடம், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை

ஒரு புதர்நிலத்தை எரிக்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தீ எவ்வளவு சூடாக இருக்கும் என்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எலிகளைப் பொறுத்தவரை எது எரியாமல் மிச்சம் இருக்கும் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஈரமான ஓடை ஓரம், பாறைத் திட்டு, தீ தாவிவிட்டுப் போன நாலு புதர், இவைதான் தப்பித்தவர்களின் முகாம். திரும்பி வரும் குடும்பங்கள் கிளம்புவதும் இங்கிருந்துதான். ஒரு சுண்டெலியின் உலகம் சில பத்து மீட்டர் அகலம். எரிந்த பகுதியின் நடுவிலிருந்து எரியாத ஓரம் அரை கிலோமீட்டர் என்றால் அது நமக்கு ஐந்து நிமிட நடை, அதற்கு ஆந்தைகளுக்கு நடுவே ஒரு தேச யாத்திரை. திட்டமிட்ட தீயில் உள்ள பெரிய நன்மையே இந்த மிச்சத்தை நாம் முன்கூட்டித் தீர்மானிக்க முடியும் என்பதுதான். விளிம்பு முதல் விளிம்பு வரை சுத்தமாக எரிந்தது என்று பெருமைப்படுவது எலியின் கணக்கில் தோல்வி.

இடைவெளியும் அவ்வளவு முக்கியம். சாப்பரலில் சியனோதஸ் போன்ற பல புதர்கள் தீயில் செத்து, மண்ணிலுள்ள விதையிலிருந்து மட்டுமே மீள்கின்றன. அந்த நாற்றுகள் வளர்ந்து விதை போட்டு மண்ணின் சேமிப்பை நிரப்புவதற்குள் இன்னொரு தீ வந்தால் சேமிப்பு தீர்ந்துவிடும். அந்த இடத்தை வெளியிலிருந்து வந்த ஒருவருடப் புற்கள் பிடித்துக்கொள்ளும். புல் சீக்கிரம் காயும், சீக்கிரம் பற்றும், அடுத்த தீயை இன்னும் சீக்கிரம் அழைத்து வரும். சேஜ்பிரஷ் நிலத்தில் சீட்கிராஸ் என்ற புல் செய்வதும் இதையேதான். புதர்நிலம் புல்வெளியாகிவிட்டால் வுட்ராட் எத்தனை வருடம் காத்திருந்தாலும் பலன் இல்லை, திரும்பி வர அதற்கு வீடு கட்டும் சுள்ளியே இருக்காது.

கடைசியில் எந்த விலங்குக்காக என்று பெயர் சொல்லித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. தெற்குக் கலிஃபோர்னியாவில் ஸ்டீபன்ஸ் கங்காரு எலி 1988-இல் அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. 2022-இல் அதன் நிலை ஒரு படி குறைந்து, அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம் ஆயிற்று. புல்லும் புதரும் மூடாத திறந்த தரை அதற்கு வேண்டும், அதற்காக அங்கே நிலத்தைத் திட்டமிட்டு எரிக்கிறார்கள். அதே வட்டாரத்தில் கலிஃபோர்னியா நேட்கேச்சர் என்ற குருவியும் இருக்கிறது. 1993 முதல் அதுவும் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம். அது கூடு கட்டுவது சேஜ் புதரில். எலிக்கு முற்றம் பெருக்கினால் குருவிக்கு வீடு போகும், புதரை விட்டு வைத்தால் எலிக்கு முற்றம் போகும். அதனால் தீ வைப்பவர்கள் வரைபடத்தை விரித்து, எந்தத் துண்டில் புதர் ஏற்கெனவே சிதைந்து புல்லாகிவிட்டது, எந்தத் துண்டில் குருவி கூடு கட்டுகிறது, கங்காரு எலியின் வளைகள் எந்த ஓரம் வரை வந்திருக்கின்றன என்று ஒவ்வொரு துண்டாகக் குறித்துக்கொண்ட பிறகே டார்ச்சைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.